கொதிநிலைக்கு ஒரு பேரம்

உண்மையின் விலை ஐந்து மதிப்பெண். மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சியில், கடைசி நாள் செய்முறைத் தேர்வுத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்: சுத்தம் ஐந்து, அட்டவணை ஐந்து, வரைபடம் ஐந்து, உண்மைத்தன்மை ஐந்து. பதினாறு எடுத்தால் சான்றிதழ்.

வேதியியல் டீச்சருக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் பதினோராம் வகுப்பு அவர் கையை விட்டுப் போய், அதே பள்ளியில் உயிரியல் எடுக்கும் நாத்தனார் கணவரிடம் சேர்ந்துவிடும். அவருக்கு வேதியியல் தெரியாது. போன கோடையில் வாங்கிய சான்றிதழ் இருக்கிறது. பயிற்சி தொடங்கியதிலிருந்து மனிதர் தினமும் போன் செய்து, "முடியலன்னா விட்டுடும்மா தங்கச்சி, உடம்பைப் பாத்துக்க" என்று உருகிக்கொண்டிருந்தார்.

தேர்வு என்னவோ எளிதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். டீச்சரின் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றாறில் நின்றது. நின்றது நின்றதுதான். டீச்சர் தொண்ணூற்றாறு என்றே எழுதினார்.

பக்கத்து மேசை இயற்பியல் சார் வரைபடத்தையே போட்டு முடித்திருந்தார். அவருடைய அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

"தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்னு தெரியாதா டீச்சர்?"

"எனக்குத் தெரியும் சார். இந்தத் தெர்மாமீட்டருக்குத்தான் தெரியல."

"அப்ப அதைப் பயிற்சிக்கு அனுப்புங்க."

பயிற்சியாளர் வந்து தாளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஆவிக்குள் குனிந்தார்.

"நூறு."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க சார்."

"எதுக்கும்மா? முப்பது வருஷமா நூறுதான்."

போட்டுக்கொண்டு பார்த்தார். வேறொரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார். அதுவும் தொண்ணூற்றாறு. மொத்தமாக மலிவில் வாங்கிய சரக்கு. ஒன்று சொன்னதைத்தான் எல்லாம் சொல்லும். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மற்ற எல்லாத் தாளிலும் நூறு. இந்த ஒரு தாளைச் சரி என்றால், மிச்சம் அத்தனை பேரின் உண்மைத்தன்மையும் கந்தலாகிவிடும். குரலை இறக்கினார்.

"தொண்ணூத்தெட்டுன்னு போடுங்க. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல."

"வெங்காயமா சார் விக்கிறோம்?"

"சரி, தொண்ணூத்தேழரைல முடிச்சுக்கங்க" என்று இயற்பியல் சார் தரகுக்கு வந்தார்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். சரக்கைத் தொட விடக்கூடாது; விலையில் இறங்கிப் பார்க்கலாம்.

"தொண்ணூத்தாறு அப்படியே இருக்கட்டும் சார். மார்க்கைப் பேசுவோம்."

"தப்பு விடைக்கு உண்மைத்தன்மைல என்னம்மா போடுறது? சைபர்தான்."

"போடுங்க. போடறதுக்கு முன்னாடி மத்தவங்க அடுப்பெல்லாம் சூடா இருக்கான்னு ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வந்துடுங்க."

இயற்பியல் சார் நகர்ந்து தன் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றார். "ஏதாவது போட்டுக் குடுங்க சார். பாவம் அவங்க."

பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

மாலையில் மதிப்பெண் பட்டியலைக் கதவில் ஒட்டினார்கள். இயற்பியல் சார்: நாலிலும் ஐந்து, ஆக இருபது. வேதியியல் டீச்சர்: சுத்தம் ஐந்து, அட்டவணை ஐந்து, வரைபடம் ஐந்து, உண்மைத்தன்மை ஒன்று. ஆகப் பதினாறு.