மூக்கு கனத்த படகு

ஜெயப்ரியாவுக்கும் சுரேந்தருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஓசூரில் ஒரே கம்பெனி, ஒரே கேட். ஆனால் அவன் முதல் ஷிஃப்ட்டில் மெஷின்களை அளவுக்குச் சரிசெய்து கொடுக்கும் செட்டர், விடியுமுன் கிளம்பிவிடுவான். அவள் இரண்டாம் ஷிஃப்ட்டில் இன்ஸ்பெக்‌ஷன் லீடர், அவள் வீடு திரும்பும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அங்கே யாருக்கும் ஷிஃப்ட் தானாக மாறாது. மாற வேண்டுமென்றால் முட்டிமோதி வாங்கிய பதவியை விட்டுவிட்டு, சாதாரண ஆளாகத்தான் போக முடியும்.

இப்படியே போனால் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோமோ என்று ஜெயப்ரியாவுக்குப் பயம் வந்துவிட்டது. லீடர் வேலை வேண்டாம், முதல் ஷிஃப்ட் கொடுங்கள் என்று கடிதம் எழுதிவிட்டாள். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. சுரேந்தரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் தடுப்பான்.

இதற்கு நடுவில்தான் படகு. புது மெஷின் வந்த பெட்டியிலிருந்த வெள்ளை ஃபோம் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தவன் சுரேந்தர். தட்டையான அடிப்பாகம், இரண்டு பக்கமும் குட்டை இறக்கை, பின்னால் மோட்டாரும் காற்றாடியும், கையில் ரிமோட். தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டே ஓடி, வேகம் பிடித்ததும் எழும்பிப் பறக்கவேண்டும். சாயங்காலம் அவன் வெட்டி வைத்ததைக் காலையில் அவள் ஒட்டுவாள். அவள் ஒட்டியதை அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். ஃபோமின் மேலேயே பேனாவால் ‘இங்க ரெண்டு மில்லி கொற, பாத்து’ என்று எழுதிவைத்திருப்பான். அதைப் படிக்கும்போது அவன் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

போன ஞாயிறு முதல் ஓட்டம். ராயக்கோட்டை ரோட்டோர ஏரியில் விட்டதும் படகு பத்தடி ஓடி, மூக்கைத் தூக்கி, மல்லாக்கப் புரண்டு விழுந்தது. பின்பக்கம் கனம் அதிகம் என்று இருவருக்குமே புரிந்தது. அன்றைக்கு அவள் அம்மா வீட்டுக்குக் குந்தாரப்பள்ளி போகவேண்டியிருந்ததால் அப்படியே மூட்டை கட்டினார்கள்.

இந்த ஞாயிறு மறுபடி அதே ஏரி. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த சென்னப்பன் போன வாரக் கூத்தைப் பார்த்தவர்.

“ஏமப்பா, மறுக்காவும் எடுத்தாந்துட்டீங்களா? படகுன்னா றெக்கை என்னாத்துக்கு? ப்ளேனுன்னா தண்ணி என்னாத்துக்கு?”

“ரெண்டுந்தேன் தாத்தா” என்றான் சுரேந்தர், விருதுநகர்க்காரன்.

“ரெண்டும் இல்லேன்னு போன வாரமே பாத்தனே.”

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சுரேந்தர் படகைத் தண்ணீரில் வைத்து ரிமோட்டை முடுக்கினான். மோட்டார் சீறியது. இந்தத் தடவை மூக்கு தூக்கவே இல்லை. வேகம் ஏற ஏற முன்பக்கம் தாழ்ந்து, முக்குளிப்பான் பறவை மாதிரி தலைகுப்புறத் தண்ணீருக்குள் போனது.

“மீனு புடிக்கப் போயிருக்குது” என்றார் சென்னப்பன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கி ஜெயப்ரியாவே எடுத்து வந்தாள். கரையில் வைத்து, டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்தாள். பேட்டரி பழைய இடத்தில் இல்லை, நாலு விரல் முன்னால் வந்திருந்தது.

“பேட்டரிய நீங்க தள்ளி வச்சீங்களா?”

“ஆமா, செவ்வாக்கெழம. பின்னாடி கனமா இருந்துச்சுல்ல.”

அவள் படகைக் கவிழ்த்து, மூக்கின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பை உரித்தாள். கார் சக்கரத்தில் ஒட்டுகிற ஈயத்துண்டுகள் மூன்று உள்ளே இருந்தன.

“இது எப்ப?” என்றான் அவன்.

“புதங்கெழம காலைல. நீங்க எதுவும் எழுதி வெக்கல. செய்யலன்னு நெனச்சேன்.”

“நீயும்தான் எழுதல.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனியில் இந்தத் தப்புக்காக அவள் எத்தனை பேரைக் கிழித்திருப்பாள். அளவு கூடுதென்று ஒரு ஷிஃப்ட்காரன் மெஷினில் திருத்தம் கொடுத்துவிட்டு எழுதிவைக்காமல் போவான். பழைய துண்டை அளந்துபார்த்துவிட்டு அடுத்த ஷிஃப்ட்காரன் அதே திருத்தத்தை மறுபடியும் கொடுப்பான். இரண்டு பேருமே ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருப்பார்கள். ஆனால் வருகிற அத்தனை துண்டும் ரிஜக்ட்.

அந்த நினைப்பு அவளை வேறெங்கோ கொண்டுபோனது. ஈயத்துண்டைக் கையில் உருட்டியபடி கேட்டாள்.

“ஏங்க, வேற எதுலயாச்சும் எனக்குச் சொல்லாம கை வச்சிருக்கீங்களா?”

அவன் ரிமோட்டின் ஏரியலை மடக்கி மடக்கி நிமிர்த்தினான்.

“ரெண்டாம் ஷிஃப்ட் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கெழம. ஒண்ணாந்தேதியிலருந்து மாத்துறேன்னுட்டாங்க.”

“செட்டர் வேல?”

“அங்க வெறும் ஆபரேட்டர்தேன். இன்னைக்கு இது பறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்.”

நாளைக்கு ஜெயப்ரியாவும் தன் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அவன் இரண்டாம் ஷிஃப்ட், அவள் முதல் ஷிஃப்ட். இருவர் பதவியும் போய், மறுபடி ஒருவர் தூங்கும்போது ஒருவர் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். அதை அவள் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நீ குடுக்காத பிரியா. ஒம் பேர சொன்னா லைனே நிமிந்து நிக்குது.”

“ஒங்க பேர சொன்னா மட்டும் ஒக்காந்துக்குதா?”

பதவியை விட்டுக்கொடுக்க அவள் மனசளவில் ஒரு மாதமாகத் தயாராகியிருந்தாள். அவன் விட்டுக்கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஈயத்தைப் பையில் போட்டாள். பேட்டரியை அவன் வைத்த இடத்திலேயே விட்டு மூடியை ஒட்டினாள். சுரேந்தர் படகைத் தண்ணீரில் வைத்தான்.

படகு ஓடியது. வால் பக்கம் நீர் இரண்டாகப் பிரிந்தது. ஆகாயத்தாமரை மண்டிய இடத்துக்கு முன்னால் சட்டென்று தண்ணீரை விட்டு, இலைகளுக்கு ஒரு சாண் மேலே எழும்பிப் போனது.

“போவுது பாரு” என்றார் சென்னப்பன், வலையைக் கீழே போட்டுவிட்டு.

ஜெயப்ரியா படகைப் பார்க்கவில்லை. ரிமோட்டில் கண்ணாக இருந்தவனிடம், “ஒரு வருஷந்தான் நீங்க ஆபரேட்டர். அடுத்த வருஷம் நான் எறங்குறேன், நீங்க மறுபடி செட்டராப் போங்க” என்றாள்.

“அத அடுத்த வருஷம் பேசுவோம்.”

“இல்லீங்க. இப்பவே பேசிருவோம். மொதல்ல அதக் கீழ எறக்குங்க.”