ஒருமுறை அமுக்கிய பட்டன்

மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை காலை. ஹெப்சிபா தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் கந்தவேலின் போன் வந்தது.

"என்னம்மா ஹெப்சிபா, ஒன் லிஸ்ட்டு ஃபுல்லுங்குது. காட்டேஜ் சாவியெல்லாம் ஆணியிலயே தொங்குதுங்குறா மேனகா. நான் எதை நம்ப?"

கந்தவேலுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி, கொடைக்கானல் பாம்பார்புரத்தில் காட்டேஜ்கள். இரண்டு இடத்திலும் புக்கிங் எடுப்பார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே லிஸ்ட் தெரியவேண்டும் என்று அவர் கேட்டதால், எங்கோ வெளிநாட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம்பிடித்து, விவரங்களை அங்கே சேமிக்கும்படி புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் ஹெப்சிபா. அந்தக் கம்ப்யூட்டரோடு பேசும் வேலையை மட்டும் அவள் எழுதவில்லை. முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த 'லைப்ரரி' என்கிற ஆயத்தப் புரோகிராம் ஒன்றை எடுத்துச் சேர்த்திருந்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டுக் காட்டேஜ் ஆபீசுக்குப் போனாள். லிஸ்ட்டைத் திறந்தால் சுப்புராஜ், சுப்புராஜ், சுப்புராஜ் என்று வரிசையாக ஒரே பெயர். போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்து, இன்றைக்கு ஒரு காட்டேஜ் கேட்டவர். கவுண்டரில் அதைப் பதிந்தவள் மேனகா.

"எத்தன தடவ அமுக்குன?"

"ஒருக்காத்தான்க்கா அமுக்குனேன்."

"ஒரு தடவ அமுக்குனா இத்தன வருமா? மழையில லைன் ஸ்லோவா இருந்திருக்கும். நீ பொறுமையில்லாம தட்டித் தட்டி விட்டிருக்க."

மேனகா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

ஹெப்சிபா ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை அழித்தாள். திரும்பத் திறந்தாள். எல்லாம் அப்படியே இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழித்தாள். அப்போதும் போகவில்லை. "சனியன்" என்று மானிட்டரைப் பார்த்துத் திட்டிவிட்டு மூன்றாவது முறையும் அழித்துவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்து வந்தாள்.

வந்து பார்த்தால் சுப்புராஜ் ஒருவர்கூட இல்லை. அழித்தது அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் அப்போதே அழிந்துதான் இருந்தது. இங்கே தெரியத்தான் நேரமாகியிருக்கிறது. அது தெரியாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதிவை விட்டுவைத்ததில், உண்மையான பதிவையும் சேர்த்து அழித்திருந்தாள். பதறிப்போய் அதைத் திரும்பப் பதியப் போனபோது லிஸ்ட் மறுபடி ஃபுல். அந்த இடைவெளியில் ஒட்டன்சத்திரத்தில் காலியைப் பார்த்த கந்தவேல், மண்டிக்கு வேண்டப்பட்ட ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்.

"காலின்னு காமிச்சுச்சு, குடுத்துட்டேன்" என்றார் போனில். "இனி அவகளப் போய் வேண்டாம்னா சொல்ல முடியும்?"

ஹெப்சிபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. லைப்ரரியின் உள்ளே எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தாள். மதியம் தாண்டித்தான் அந்த இடம் அகப்பட்டது. பதில் வரத் தாமதமானால், லைப்ரரி யாரையும் கேட்காமல் அதையே மறுபடி அனுப்பும். பதில் வரும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கமோ ஒவ்வொன்றையும் புது புக்கிங் என்று நினைத்துப் புது எண் போட்டு வாங்கிக்கொள்ளும். எண்ணை முதலிலேயே இவள் போட்டு அனுப்பியிருந்தால், எத்தனை முறை போனாலும் ஒன்றாகவே நின்றிருக்கும்.

"மேனகா" என்றாள். "நீ ஒரு தடவதான் அமுக்கியிருக்க. தப்பு என்னோடது."

"அதத்தான காலையில இருந்து சொல்லுறேன்" என்றாள் மேனகா, நிமிராமலேயே.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. சுப்புராஜ், அவர் மனைவி, ஸ்வெட்டருக்குள் நடுங்கும் இரண்டு பிள்ளைகள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் உயர்ந்தது.

"போன வாரமே சொல்லி வச்சேன். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ரோட்டுலயா படுக்கச் சொல்றீங்க?"

ஹெப்சிபா தன் கணவன் பென்சனுக்குப் போன் செய்து வீட்டு மாடி அறையைக் காலி பண்ணச் சொன்னாள். வேண்டாம் என்று முறுக்கிக்கொண்ட சுப்புராஜை, "ஏங்க, பிள்ள வெறைக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லியே மனைவிதான் காரில் ஏற்றினார். நடந்ததையெல்லாம் வழியில் ஹெப்சிபா விளக்கினாள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த லைப்ரரி எழுதுனவன் நம்பர் இருக்கா?" என்றார்.

"ஈமெயில்தாங்க இருக்கு."

"அதுல நல்லா நாலு வார்த்த கேளுங்க."

கேட்டாள். அடக்கமாகத்தான் எழுதினாள். திங்கட்கிழமை ஒரே வரியில் பதில் வந்தது: அது அப்படித்தான் செய்யும், கையேட்டிலேயே இருக்கிறதே. தேடிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், இருக்கத்தான் செய்தது. ஹெப்சிபா லேப்டாப்பை அறைந்து மூடிய சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து பென்சன் எட்டிப் பார்த்தான்; அவள் முகத்தைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.