நாலு ஆள் கல்

நாகாம் வாயைத் திறந்தால் பொய் என்பது ஊருக்கே தெரியும். அவன் கையும் சுத்தமில்லை என்பது பக்கத்து வயல்காரி அத்தாராளுக்கு மட்டும்தான் தெரியும். கணவன் செத்த இந்த ஐந்து வருடத்தில், அவளுடைய எல்லைக்கல் வருடத்துக்கு ஒரு சாணாக அவள் வயலுக்குள் நகர்ந்து வந்திருந்தது. கல்லுக்கு என்ன, காலா முளைக்கும்?

அப்பேர்ப்பட்டவன்தான், வாற்கோதுமை அறுப்பு முடிந்த மறுநாள் காலையில் மூச்சிரைக்க ஓடிவந்தான். அறுப்புக்கு அறுப்பு வந்து கொள்ளையடிக்கும் மீதியானியர், ஒட்டகங்களோடு யோர்தான் ஆற்றைக் கடந்துவிட்டார்களாம்.

"தானியத்தத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மலையடிக் குகைக்குள்ள போங்க. வெளியிலேர்ந்து நான் வாசக்கல்ல உருட்டி மூடிடுறேன்."

"அது நாலு ஆள் கல்லு," என்றாள் அத்தாராள். "நீ ஒருத்தன் எப்படி உருட்டுவ?"

"கர்த்தரோட ஆவி எம்மேல வந்திருக்கு மதினி."

"ஏன், அவருக்கு வேற ஆளே கிடைக்கலயாமா?"

ஊரே சிரித்தது. கிழக்கே புழுதி எழும்பியதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. வேறு வழியில்லாமல் அத்தாராளும் தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் மூட்டையையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல் கடகடவென்று உருண்டு வாசலை அடைத்தது. அத்தாராளுக்குச் சந்தேகம் தட்டியது. நாலு பேர் திணறும் கல்லை இவன் ஒருவனா தள்ளினான்? வெளியே வேறு கைகள் இருக்கின்றன. மீதியானியரின் கைகள். எல்லோரையும் அடைத்துவைத்து விற்கப்போகிறான் படுபாவி. பிள்ளைகளை இறுக அணைத்துக்கொண்டு கல்லிடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஒட்டகங்கள் சற்றுத் தள்ளி வந்து நின்றன.

"ஊர்க்காரனுங்க எங்கடா?" என்றான் அவர்களின் தலைவன், வாளை உருவியபடி.

"மலைக்கு அந்தப் பக்கம் ஓடிட்டாங்க எஜமான்."

"கல்லுக்குப் பின்னால என்ன?"

நாகாம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "குஷ்டரோகிங்க. போன வாரம் பன்னெண்டு பேர உள்ள வச்சு மூடினோம். ரெண்டு பேரு இன்னும் சாகல. திறந்து காட்டட்டுமா?"

அந்த நேரம் பார்த்து அத்தாராளின் சின்ன மகள் இருமினாள். தலைவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒட்டகத்தைத் திருப்பினான். மற்றவர்களும் அவன் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு போனார்கள்.

"நாகாமு, கல்லத் திற!" என்று கத்தினாள் அத்தாராள்.

வெளியே முக்கல் முனகல் கேட்டது. "முடியல மதினி. அசைய மாட்டேங்குது."

"யாருகிட்ட நடிக்கிற?"

உள்ளேயிருந்து தள்ளக் கல்லில் சரியான பிடி இல்லை; கடைசியில் ஆண்கள் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளித்தான் வழி பிறந்தது. நாகாம் உள்ளங்கைத் தோல் உரிந்து தரையில் கிடந்தான். அத்தாராள் அவனைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள். கல் உருண்ட தடத்தில் வெறுங்கால் பதிந்து மண்ணைக் கிழித்திருந்தது. ஒரே ஒருவனுடைய கால். குனிந்து இன்னொரு முறை தேடினாள். வேறு தடமே இல்லை.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே கோபமும் வந்தது.

"இத்தன பெரிய கல்லத் தள்ளத் தெரியுது. என் எல்லைக்கல்ல எப்ப பழைய இடத்துல வைப்ப?"

ஊர் திரும்பிப் பார்த்தது. நாகாம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுதான் மதினி ரொம்பக் கனமா இருக்கு."

இந்த ஒன்று பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்திரி. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

வயலில் எல்லைக்கல்லை இருவரும் நகர்த்தி ஐந்தாவது சாண் வரும்வரை, அவன் எந்தப் பக்கம் இழுக்கிறான் என்பதிலேயே அவள் கண் இருந்தது.