பவளக்கொடியின் மொழி தெரிந்தவன்

மழை அவளுக்குச் சத்தமில்லாமல்தான் பெய்யும். ஐப்பசி மழை. ஜன்னல் கண்ணாடியில் வழியும், வெளிச்சத்தைக் கலைக்கும், போகும்.

பவளக்கொடிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேளாது, வாயும் பேசாது. பெண்கள் உதவி மையத்தின் பெஞ்சில் ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள். அதில் ஒரு வீடு, கூரைக்குக் கீழே ஒரு பெண். எழுத்து தெரியாது. படம் புரிந்தது. அதைக் காட்டிக் காட்டியே இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள்.

இங்கே தங்க வேண்டும். அவ்வளவுதான் கேட்க வந்தது.

எதிரே ஆலோசகர் ஜூலியட். நல்லவள். சத்தியமாக நல்லவள். துவட்டத் துண்டு கொடுத்தாள், டீ வாங்கிக் கொடுத்தாள். "யாரும்மா அடிச்சா?" என்று கேட்டாள். பிறகு இன்னும் உரக்கக் கேட்டாள். உரக்கச் சொன்னால் எல்லாருக்கும் கேட்டுவிடும் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு.

பவளக்கொடி முழங்கையைக் காட்டினாள். தோசைக்கரண்டி சுட்ட தழும்பு. காற்றில் ஒரு பூட்டைப் பூட்டினாள். மூன்று விரல், மூன்று நாள். வயிற்றைத் தொட்டுக் கையை விரித்தாள். பிறகு தரையைத் தட்டினாள். இங்கே. இங்கே.

பள்ளியில் கற்ற சைகைகள் அல்ல அவை. பாதி அம்மாவிடம் பிறந்தவை, மீதி புருஷன் வீட்டில். அம்மா செத்துப்போய் இரண்டு வருடம். சைகை மொழி தெரிந்தவர் மையத்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அன்று வியாழன்.

ஜூலியட் அவளுடைய மாற்றுத்திறனாளி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பாதுகாவலர்: கதிரேசன். கீழே ஒரு நம்பர். அண்ணனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போன் போட்டாள். சொல்லவே வயிறு எரிகிறது.

ஒரு மணி நேரத்தில் வந்தான். வெள்ளைச் சட்டை. குடை. கும்பிட்ட கை.

"நான் வீட்டுக்காரர் மேடம்."

ஜூலியட் ஒரு நொடி தயங்கினாள். வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். இவள் பேச்சு புரிகிற ஆள் வேறு யாருமில்லை. உட்காரச் சொன்னாள்.

பவளக்கொடி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள். ஆனாலும் விடவில்லை. அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். கரண்டி. பூட்டு. மூன்று நாள். இங்கே. இங்கே. அத்தனை தைரியம் எங்கிருந்து வந்ததோ, பாவி மகளுக்கு.

கதிரேசன் பொறுமையாகப் பார்த்தான். இடையிடையே தலையாட்டினான். பிறகு வாயைத் திறந்தான்.

"அடுப்படியில கைய சுட்டுக்கிட்டா மேடம். நாந்தான் மருந்து போட்டேன். அவ அம்ம செத்ததுல இருந்து இப்பிடித்தான், சொல்லாம கெளம்பிருதா. வீட்டுக்குப் போவணும்ங்கா."

"அவங்களே சொல்றாங்களா?"

"ஆமா மேடம். ஏசிராதீங்கன்னும் சொல்லுதா."

பவளக்கொடி ஜூலியட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் தெளிந்தது. சிரித்தது. பேனா ஓடியது. அதிகாரி முன்னால் அவனால் பொய் சொல்ல முடியாது என்று நம்பினாள். சொல்லிவிட்டான், புரிந்துவிட்டது, இடம் கிடைத்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

காகிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சொல், அம்மா கைபிடித்து எழுதப் பழக்கியது, அவளுடைய பெயர். ஆறு எழுத்து. ஒவ்வொன்றாக, ஆசையாக எழுதினாள்.

ஜூலியட் அவளுடைய துணிப்பையை எடுத்தாள். கதிரேசன் கையில் கொடுத்தாள்.

பவளக்கொடி பையைப் பார்த்தாள். ஜூலியட்டைப் பார்த்தாள். குனிந்து தரையைத் தட்டினாள். தட்டினாள். ஜூலியட் அவளைத் தூக்கி நிறுத்தி, தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"அழக் கூடாது. பத்திரமா போயிட்டு வாங்கம்மா."

வாசலில் கதிரேசன் குடையை விரித்தான். அவளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டான். பையை மாட்டிய கையைத் தூக்கி, அவசரமே இல்லாமல், அவளுடைய மொழியில் சொன்னான். நீதான் எழுதிக் கொடுத்தாய். வீட்டுக்கு வருகிறேன் என்று நீதான் எழுதிக் கொடுத்தாய்.

ஒரு சைகை விடாமல் அவளுக்குப் புரிந்தது.