கடைசி ஆள் அழுத்தும் பொத்தான்

இயற்பியல் படிக்கப்போகிறேன் என்றபோது, "படிச்சுட்டு எங்க போய் நிப்ப?" என்று கேட்டார் சித்தப்பா. கூடப் படித்த ஒருத்தி வானிலை ஆய்வுக்குப் போனாள், ஒருவன் வங்கிக்குப் போனான். நான் புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்வீச்சு அறை வாசலில் நிற்கிறேன். கதிரின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை.

அறைக்குள் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. கடைசியாகக் கிளம்பும் ஆள், உள்ளே வேறு யாரும் இல்லை என்று பார்த்து அதை அழுத்திவிட்டு வெளியே வர வேண்டும். பிறகு கதவு மூடினால்தான் பச்சை விளக்கு எரியும், கருவி இயங்கும். என் சீனியர் இதில் மகா கறார். நான் மறந்தால் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் அழுத்திவிட்டு வருவார். போன மாதம் இறந்துபோனார்.

இன்று காலைச் சோதனைக்காக, கதிரை அளக்கும் நீர்த்தொட்டியை உள்ளே வைத்துவிட்டுத் தனியாக வெளியே வந்தேன். கதவு மெல்ல மூடிக்கொண்டது. வெளியே கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகுதான் பொத்தானை அழுத்தாதது உறைத்தது. எழுந்தேன்.

"எங்க மேடம் கிளம்பிட்டீங்க? அதான் பச்சை எரியுதே," என்றார் டெக்னீஷியன்.

"நான் பட்டனை அழுத்தவே இல்ல."

"அழுத்தாம எப்படி எரியும்?" அவர் கேமரா திரையைக் காட்டினார். "உள்ள ஒருத்தரும் இல்ல. ஆன் பண்ணுங்க."

உள்ளே ஒருத்தரும் இல்லை என்பதுதான் என் பயமே. சீனியர் ஒருநாளும் விதியை மீறியதில்லை. அவர் அழுத்தியிருந்தால், வெளியேயும் வந்திருப்பார்.

எனக்குப் பின்னால் இருந்த அவருடைய நாற்காலிப் பக்கம் நான் திரும்பவே இல்லை.