விரலை எடுத்த பிறகும்

அந்த அலுவலகத்தில் பழைய கீபோர்டுகளின் ஒலிகளைப் பிடித்து கம்ப்யூட்டருக்குள் போட்டு விற்றார்கள். செத்துப்போன மாடல், கடையில் கிடைக்காத மாடல், நாலு ஆள் தூக்கினாலும் அசையாத மாடல் என்று எது வந்தாலும் அதைத் துணி ஒட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். மின்விசிறியை நிறுத்துவார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, கொஞ்சம் அழுத்தி, ஓங்கி என்று ஐந்து விதமாக அழுத்திப் பதிவு செய்வார்கள். ஒலி முழுக்க அடங்கும்வரை அறையில் இருப்பவர் மூச்சுக்கூட விடக்கூடாது.

அப்படியும் ஒரு மூச்சு, ஒரு நாற்காலி முனகல் உள்ளே வந்துவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையெல்லாம் தேடி அழிப்பதுதான் அவள் வேலை. நாலு வருடமாகச் செய்கிறாள். பேச்சு குறைவு. "இவ வாயில இருக்கற சத்தத்தையும் சேர்த்து அழிச்சுட்டா போல" என்று புகார்ப்பெட்டி கிண்டல் செய்வான். வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களைப் படிப்பது அவன் வேலை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

போன வருடம் ஒரு கீபோர்டு வந்தது. அறுபத்தொரு கட்டை, பக்கவாட்டில் மரம். ஹெட்போனில் முதல் கட்டையின் ஒலி விழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அக்காவினுடைய மாடல்.

அக்கா வாசிக்கும்போதெல்லாம் கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொள்வாள் இவள். அதனால் அக்கா வைத்த பெயர் எலி. ஒன்பது வயதில் ஒருநாள், அக்கா இல்லாத நேரத்தில், டீ டம்ளரோடு எழுந்து நின்று வாசித்துப் பார்த்தாள் எலி. டீ கட்டைக்குள் போய்விட்டது. துடைத்தார்கள், ஊதினார்கள், வெயிலில் வைத்தார்கள். ஆனாலும் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்த பிறகும் அது உடனே மேலே வராது. ஒலி இன்னும் ஒரு நொடி இழுத்துக்கொண்டே இருக்கும். அப்பா கத்தியபோது, "நான்தான்பா கொட்டிட்டேன்" என்றாள் அக்கா.

அந்த அக்கா ஒரு பாட்டுக் குழுவோடு போகிறேன் என்றாள். "வாசப்படி தாண்டினா திரும்பி வராதே" என்றார் அப்பா. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். ஸ்டாண்டைத் தூக்க இன்னொரு கை இல்லை. பதினோரு வருடம் ஆகிறது. ஒரு தகவலும் இல்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கீபோர்டின் பதிவு வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு ஒலிவகையைத் தங்கள் இஷ்டப்படி செய்து, பெயர் வைத்துச் சேர்க்கலாம். அவள் மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தாள். அக்காவுடையதுபோல, சூடேறினால் சுருதி கொஞ்சம் இறங்கவேண்டும், இறக்கினாள். வீட்டு மின்விசிறியின் முனகல் பின்னால் லேசாக வேண்டும், இத்தனை நாள் அழித்த கையாலேயே அதைச் சேர்த்தாள். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை மட்டும், விரலை எடுத்த பிறகும் ஒரு நொடி இழுக்கும்படி வைத்தாள். பெயர்: 'ஸ்டாண்டுக்கு அடியில் எலி'.

"பேரைக் கேட்டா வாங்கறவன் பூனையை அனுப்பிடுவான்மா" என்று சிரித்தார் முதலாளி. ஆனாலும் விட்டுவிட்டார்.

கீபோர்டு வாசிக்கிறவள் எங்கே இருந்தாலும் என்றாவது ஒருநாள் இந்த மாடலைத் தேடுவாள் என்று அவள் நினைத்தாள். ஒலிகளின் பெயர்ப் பட்டியலில் கண் போகும். அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

வந்தது புகார்தான். ஒரு கட்டை ஒட்டிக்கொள்கிறது, ஒலி நிற்கமாட்டேன் என்கிறது என்று பதினாலு பேர் எழுதினார்கள்.

முதலாளி அவள் மேசைக்கே வந்தார். "ஏம்மா, வெள்ளிக்கிழமை புது பதிப்பு போகுது. அந்த எலியைத் தூக்கிடு."

"அது தப்பு இல்ல சார். வேணும்னுதான் வச்சேன்."

"யாருக்கு வேணும்?"

தூக்கிவிடுகிறேன் என்று அவள் தலையை ஆட்டினாள்.

வியாழக்கிழமை மாலை புகார்ப்பெட்டி தன் இடத்திலிருந்தே கத்தினான். "பதினஞ்சாவது வந்தாச்சு! ஆனா இது ஒரு தினுசா இருக்கு. இங்க வந்து பாரேன்."

கடிதத்தில் பெயர் இல்லை, மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது.

'எலியில் ஒரு பிழை. ஒட்டுவது வெள்ளை இல்லை, அதற்கு வலப்பக்கத்துக் கறுப்பு. வெள்ளை வெயிலில் காய்ந்து பிழைத்துவிட்டது. டீ கறுப்பில்தான் தங்கியது. எலிக்கு இப்போது காது மந்தம் போலிருக்கிறது.'

"டீயாமே! எந்த டீ?" என்றான் அவன். "கழண்ட கேஸா இருக்கும். அழிச்சுடவா?"

"கை வைக்காதே!"

நாலு வருடத்தில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து அவன் கேட்டதில்லை. எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டான்.

அவள் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்துவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள். "சார், எலி இருக்கட்டும். கட்டையைத்தான் நான் மாத்தி வச்சுட்டேன். எது சரின்னு சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"அதை வாசிச்சவங்க."

முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். "பேருக்குப் பக்கத்துல 'பழுது வேண்டுமென்றே வைத்தது'ன்னு ஒரு வரி போட்டுடு. அந்தப் பதினாலு பேர் என் உயிரை எடுக்கறாங்க."

வெள்ளைக் கட்டையை விடுவித்துக் கறுப்புக்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அழுத்திப் பார்த்தாள். ஆமாம், இதுதான். பதினோரு வருடமாகப் பக்கத்துக் கட்டையைப் போய் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பதில் எழுத உட்கார்ந்தாள். 'தங்கள் கடிதத்துக்கு நன்றி' என்று கம்பெனி வாசகம் தானாக வந்து நின்றது. அழித்தாள். 'எங்கே இருக்கே?' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். கேட்டால் ஓடிவிடுவாள், அக்காவை அவளுக்குத் தெரியும். கடைசியில் எழுதினாள்:

'கறுப்புதான். மாத்திட்டேன். உன் ஸ்டாண்டு இன்னும் ஜன்னல் பக்கத்துலயேதான் இருக்கு. அப்பா அதுல சட்டை காயப்போடறார். பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு கேட்டேன். வேணாம், கிடக்கட்டும்னாரு. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாரு.'

அனுப்பினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் கறுப்புக் கட்டையை அழுத்தி, விரலை எடுத்தாள். ஒலி போகவில்லை. பழக்கதோஷம், அது அடங்கும்வரை மூச்சை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.