இந்த முகவரியை எந்தக் கடையில் தந்தீர்கள்?

தங்கை வீட்டுக்காரரின் துணிக்கடையை விட்டுத் தையற்காரி வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு பேச்சு. "இவங்க இல்லாட்டி என்ன, யாரை உக்கார வெச்சாலும் தைப்பாங்க" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார் அவர். அன்றைக்கே அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியவள்தான்.

வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டாள். வாரம் ஒரு மின்னஞ்சல் மடல் எழுத ஆரம்பித்தாள். கைக்குழியை எப்படி வெட்டுவது, காலர் ஏன் எம்பி நிற்கிறது, ஜிப் வைத்த இடத்தில் துணி ஏன் சுருங்குகிறது என்று பேசுவது போலவே எழுதுவாள். கேலிக்கும் குறைவிருக்காது. ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். துணிக்கடை மாடியில் நடக்கும் தையல் வகுப்பு காற்றாடுகிறது என்று காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

தானும் ஒரு வகுப்பு தொடங்கப்போவதாக மடலில் எழுதினாள். உடனே புதியவர்கள் சாரிசாரியாகச் சேர்ந்தார்கள். முதலில் பூரித்துப்போனாள். பிறகுதான் பெயர்களைப் பார்த்தாள். பாதிப் பெயர்கள் விசைப்பலகை மேல் பூனை நடந்தது போல் இருந்தன. அந்த முகவரிகளுக்கு அனுப்பிய மடலெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. மீதிப் பேர் நிஜ மனிதர்கள். "யாரும்மா நீ? உன்கிட்ட நான் எப்ப கேட்டேன்?" என்று திட்டி எழுதினார்கள், குப்பை மடல் என்று புகாரும் கொடுத்தார்கள். மடல்களை அனுப்பிக் கொடுக்கும் நிறுவனம் அவள் கணக்கையே முடக்கிவிட்டது.

வகுப்பு நடக்கும் இடமும் நேரமும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. முதல் நாள் தையல் மெஷின்களைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டு கூடத்தில் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் வந்தாள். சங்கடத்தோடு ஒரு பொத்தான் தைத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்த தோழி வந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இதுல பாதி, புரோகிராம் ஒண்ணு தானா நிரப்பினது. படிவத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வெச்சிடறேன். மனுஷங்க அதைப் பாக்க மாட்டாங்க, விட்டுடுவாங்க. புரோகிராம் மட்டும் இருக்கற கட்டத்தையெல்லாம் நிரப்பும். நிரப்பினா வெளிய தள்ளிடலாம்."

"மீதி?"

"யாரோ உக்காந்து கையால அடிச்சிருக்காங்க. எங்கேருந்து புடிச்சாங்களோ."

தையற்காரி திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த முகவரியை உண்டாக்கியதே அவள்தான். கடைக்குக் கணினி வந்த புதிதில், பில் மின்னஞ்சலில் போகிறதா என்று பார்க்கப் போட்டது. கடைக் கணினியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது.

"மாப்ள, நீங்களா?" என்று திரையைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"இதையும் தடுத்துடலாம்" என்றாள் தோழி. "சேர்றவங்களுக்கு முதல்ல ஒரு மெயில் போகும். அதுல இருக்கற பொத்தானை அவங்களே அமுக்கினாத்தான் சேர முடியும்."

"அந்த மெயில்ல என்ன வேணா எழுதலாமா?"

"உங்க இஷ்டம்."

அவள் எழுதினாள்: 'எங்கள் மடலுக்கு உங்கள் முகவரி வந்திருக்கிறது. நீங்கள் தந்திருந்தால் கீழே அழுத்துங்கள். தரவில்லையென்றால், இந்த முகவரியை எந்தக் கடையில் தந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.'

"கடைசி வரி தேவையா?"

"அதுக்காகத்தான் மத்த வரியெல்லாம்."

ஏற்பாட்டை மாற்றிவிட்டோம் என்று தெரிவித்ததும் நிறுவனம் கணக்கைத் திறந்துவிட்டது. கையால் அடிப்பது நிற்கவில்லை. அடித்த ஒவ்வொரு முகவரிக்கும், துணிக்கடையின் சொந்த வாடிக்கையாளருக்கே, அந்த மெயில் போனது. பில்லுக்காகக் கொடுத்ததை ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தீர்களா என்று கடையில் வந்து கேட்டார்கள். ஒரு வக்கீலம்மா கடை நடுவில் நின்று போட்ட சத்தத்தில், துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்களாம். அங்கே காஜா எடுக்கும் பெண் ஃபோனில் சொல்லச் சொல்ல, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டாள் தையற்காரி. வக்கீலம்மா கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

மறுவாரம் தங்கை வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்த வரியை எடுத்துடு."

"உன் வீட்டுக்காரரை வந்து கேக்கச் சொல்லு."

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆள் புடிச்சு புரோகிராம் போடச் சொன்னதும் நான்தான். கையால அடிச்சதும் நான்தான்."

தையற்காரி தங்கையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அவர் பேசினதுக்கு நீ என்னை விட்டுட்டுப் போன" என்றாள் தங்கை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? கடை மாடி வகுப்பு என்னோடதுக்கா. காலி நாற்காலிக்கு முன்னாடி நான்தான் நின்னேன்."

"நானும்தான் நின்னேன்."

அழுதுவிடுவாளோ என்று தங்கை பார்த்தாள். அக்கா அழவில்லை. கணினியைத் தங்கை பக்கம் திருப்பி வைத்தாள்.

"உக்காரு. உங்க வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் மன்னிப்பு எழுது. கடை பேர்ல வேணாம், உன் பேர்ல. எங்க அக்கா மடல்ல சேத்துவிட்டது நான்தான்னு எழுது."

"அவர் படிப்பாரே!"

"படிக்கட்டும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே தங்கை எழுதினாள். அக்கா பின்னால் நின்று ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தினாள். அது போய்ச் சேர்ந்த பிறகே தன் மெயிலின் கடைசி வரியை எடுத்தாள்.

அந்த மன்னிப்பைப் படித்தவர்களில் பலருக்கு, அப்படி என்னதான் மடல் அது என்று ஆவல் வந்தது. தாங்களாகவே சேர்ந்து பொத்தானை அழுத்தினார்கள். அடுத்த வகுப்புக்குக் கூடம் கொள்ளவில்லை. வக்கீலம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தையற்காரிக்கு நிலைகொள்ளவில்லை. நல்லது எது நடந்தாலும் முதலில் யாரிடம் சொல்வாளோ அவளுடைய எண்ணை விரல் தானாகவே அழுத்திவிட்டது. மணி அடித்து ஓய்ந்தது. தங்கை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள், இன்றுவரை எடுக்கவில்லை. பழி தீர்ப்பதில் அவளும் அக்காவுக்குச் சளைத்தவள் இல்லை.